முஸ்லிம் தீவுக்கு எதுக்குங்க தனியா ஹலால் டூரிசம்? ஒரு ஆரம்ப விளக்கம்

பெங்களூர்ல சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் பக்கம் டிராவல்ஸ் கடைங்கள்ல முன்னாடியெல்லாம் உம்ரா, துபாய், மலேசியா இதுங்கதான் பெருசா ஓடும், இப்ப மாலத்தீவும் லட்சத்தீவும் சேர்ந்துடுச்சு. அதுலயும் 2024 மார்ச் கடைசில இண்டிகோ பெங்களூர்ல இருந்து லட்சத்தீவுல இருக்கற அகத்திக்கு நேரா ஃப்ளைட் விட ஆரம்பிச்சதுல இருந்து இங்க இருக்கற தமிழ்க் குடும்பங்கள்ல லட்சத்தீவுப் பேச்சு ஜாஸ்தி, முஸ்லிம் வீடு இந்து வீடுன்னு வித்தியாசம் இல்ல. கூடவே ஹலால் டூரிசம்னு ஒண்ணும் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. எங்க பில்டிங்ல ஒரு அக்கா கேட்டாங்க, "அந்தத் தீவே முழுசா முஸ்லிம் ஊராச்சே, அங்க போய் என்ன தனியா ஹலால் டூரு, மீனுக்கு என்ன சர்டிஃபிகேட்டா ஒட்டப் போறாங்க?" நல்ல கேள்விங்க இது. இதுக்குப் பதில் சொல்லப் போனாலே பாதி விஷயம் புரிஞ்சுடும்.

முதல்ல பொதுவா சொல்லிடறேன். ஹலால்னா மார்க்கத்துல அனுமதிச்சதுன்னு அர்த்தம். ஒரு முஸ்லிம் ஊர் விட்டு ஊர் போனா மார்க்கத்தை வீட்ல பூட்டி வெச்சுட்டுப் போக முடியாது. அஞ்சு வேளை தொழணும், பயணத்துல இருந்தா நாலு ரக்அத்தை (தொழுகையோட ஒரு சுற்று) ரெண்டா சுருக்கிக்கலாம்னு சலுகை இருக்கே தவிர தொழாம விட்டுட சலுகை இல்ல. முறைப்படி அறுத்த கறிதான் சாப்பிடணும், பன்னி ஆகாது, மது ஆகாது. ஒளு செய்ய, அதாவது தொழறதுக்கு முன்னாடி கை கால் முகம் கழுவ, தண்ணி வேணும், ரூம்ல கிப்லா (தொழும்போது பாக்கற மக்கா திசை) எந்தப் பக்கம்னு ஒரு அம்புக்குறி இருந்தா நல்லது, டாய்லெட்ல தண்ணி வேணும் (வெறும் பேப்பரோட ஒரு வாரம் ஐரோப்பால ஓட்டினவங்களுக்கு இதோட அருமை தெரியும், அதுக்கு முஸ்லிமா இருக்கணும்னு கூட இல்ல). நோன்பு மாசம்னா விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாடு. பொம்பளைங்க நீந்தறதுக்கு மறைவான இடமோ தனி நேரமோ. இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டிய நிலைமை இல்லாம முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வெக்கறதுதான் ஹலால் டூரிசம். 2008-ல சிங்கப்பூர்ல கிரெசென்ட்ரேட்டிங்னு ஒரு கம்பெனி ஹோட்டலுக்கெல்லாம் இந்தக் கண்ணோட்டத்துல ரேட்டிங் குடுக்க ஆரம்பிச்சாங்க, 2015-ல இருந்து மாஸ்டர்கார்டோட சேர்ந்து நாடு வாரியா ஒரு பட்டியலும் போடறாங்க, அதுல பெரும்பாலும் மலேசியாதான் முதல்ல நிக்கும். அங்க அரசாங்கமே முஸ்லிம்களுக்கு ஏத்த தங்குமிடம்னு ஹோட்டலுக்கு அங்கீகாரம் குடுக்குது.

இப்ப அக்கா கேள்விக்கு வருவோம். மேல சொன்னதெல்லாம் ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ வேணும்னா பெரிய வேலை, அங்க ஆரம்பத்துல இருந்து கட்டணும். ஒரு முஸ்லிம் தீவுல பள்ளிவாசல் ஏற்கனவே இருக்கு, பாங்கு கேட்கும், பன்னியும் சாராயமும் கிடையாது. அதனால எங்க தீவு ஹலால்தாங்க, வேற என்ன பண்ணணும்னு தீவுக்காரங்களுக்குத் தோணறது சகஜம். ஆனா என்னைக் கேட்டா சின்னத் தீவுல ஹலால் டூரிசம்னா வர்றவங்களுக்கு என்ன குடுக்கறதுங்கறது சின்னப் பாதி, எத்தனை பேர் வரலாம், எங்க வரலாம், காசு யாருக்குப் போகணும், இதை ஊர்க்காரங்க முதல்லயே உக்காந்து பேசி முடிவு பண்றதுதான் பெரிய பாதி. முதல் பாதிக்கு ரேட்டிங் இருக்கு, ரெண்டாவதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல.

முதல் பாதியும் அவ்வளவு ஈஸி இல்லைங்கறதையும் சொல்லணும், சாப்பாட்டையே எடுத்துக்கங்க. தீவுல சூரை மீன் பிரச்சினை இல்ல. ஆனா கோழி தீவுல அவ்வளவா வளராது, அது ஃப்ரோசனா கப்பல்ல வருது, மாலத்தீவுன்னா எங்கெங்க இருந்தோ வருது, யார் அறுத்தாங்க எந்தக் கம்பெனி முத்திரை போட்டுச்சுன்னு சமையல்காரருக்குத் தெரிஞ்சிருக்கணும். ஐஸ்கிரீம், ஜெல்லி, கேக்குல போடற ஜெலட்டின் எதுல இருந்து வந்துச்சுன்னு பாக்கணும். இதவிட சுவாரசியமான விஷயம் மத்ஹப், அதாவது மார்க்கச் சட்டத்துல யார் எந்த வழியைப் பின்பற்றறாங்கங்கறது. லட்சத்தீவு, மாலத்தீவு, இந்தோனேசியா எல்லாம் ஷாஃபி, நம்ம காயல்பட்டினம் கீழக்கரை மாதிரியே. ஷாஃபில கடல்ல வாழற நண்டு கணவாய் ஆக்டோபஸ் எல்லாம் சாப்பிடலாம். லட்சத்தீவுல ஆக்டோபஸ் வறுவல் சாப்பிட்டுட்டு வந்தவங்க ஒரு மாசத்துக்கு அதையேதான் பேசுவாங்க. ஆனா பெங்களூர் முஸ்லிம்கள்ல பெரும்பாலானவங்க ஹனஃபி, ஹனஃபில மீன் மட்டும்தான் ஓகே, இறாலுக்கே ஆலிம்கள் நடுவுல கருத்து வேறுபாடு இருக்கு, நண்டும் ஆக்டோபஸும் கூடாது. அப்ப சிவாஜிநகர்ல இருந்து ஒரு குடும்பம் போய் உக்காருது, தீவுக்காரர் அன்பா ஆக்டோபஸைக் கொண்டு வந்து வெக்கறாரு, அவருக்கு அது ஹலால், இவங்களுக்கு இல்ல, ரெண்டு பேருமே முஸ்லிம்தான். இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் டிரெய்னிங் வேணும், போர்டுல பச்சைக் கலர்ல ஹலால்னு எழுதிட்டா முடிஞ்சு போச்சா என்ன. (வெஜிடேரியன் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை, தீவுல காய்கறியும் கப்பல்லதான் வருது, ரசப்பொடியும் புளியோதரைப் பொடியும் பெட்டில வெச்சுக்கங்க.)

மாலத்தீவு கதை இந்த விஷயத்துல ஒரு பாடப் புத்தகம் மாதிரி. 1972-ல அங்க முதல் ரிசார்ட் குரும்பா திறந்தாங்க. அப்ப இருந்து அவங்க போட்ட கணக்கு என்னன்னா, ஆள் இல்லாத தீவுல ரிசார்ட், ஒரு தீவுக்கு ஒண்ணு, வெளிநாட்டுக்காரங்க அங்க குடிக்கட்டும் எப்படி வேணா டிரெஸ் போடட்டும், மக்கள் வாழற தீவு தனி, அங்க அந்தப் பழக்கம் வரக் கூடாது. மார்க்கத்தைக் காப்பாத்தின மாதிரியும் ஆச்சு, டாலரும் வந்துச்சு. ஆனா டூரிஸ்ட் காசு மக்கள் வாழற தீவுக்கு நேரா வரவே இல்ல, ரிசார்ட்ல வேலை கிடைச்ச பையன் மாசக்கணக்கா வீட்டுக்கு வராம அங்கேயே கிடப்பான், முதலாளி தலைநகர் மாலேலயோ வெளிநாட்டுலயோ இருப்பாரு. 2010 வாக்குல சட்டத்தை மாத்தி மக்கள் வாழற தீவுல கெஸ்ட்ஹவுஸ் நடத்தலாம்னு விட்டாங்க. மாஃபுஷி, துலுஸ்தூ, உகுல்ஹஸ், திகுரா, தொட்டூன்னு (இந்த தொட்டூ தர்பூசணிக்குப் பேர் போன தீவு) ஒவ்வொண்ணா கிளம்புச்சு. நம்ம பெங்களூர் ஐடி பசங்க கம்மி பட்ஜெட்ல மாலத்தீவு போய்ட்டு வந்தேன்னு ஸ்டேட்டஸ் போடறாங்களே, பெரும்பாலும் இந்தத் தீவுங்கதான்.

அங்க மது கிடையாது, ஊருக்குள்ள டிரெஸ் ஒழுங்கா இருக்கணும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு கடை சாத்திடுவாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்காக கடற்கரைல ஒரு பகுதியை தட்டி வெச்சு மறைச்சு பிகினி பீச்னு விட்டாங்க. மாஃபுஷில ஆளு கூடக் கூட இன்னொரு குறுக்கு வழியும் வந்துச்சு, கரைல இருந்து தள்ளி ஒரு பெரிய போட்டை நிறுத்தி அதுல பார், தண்ணி மேல இருக்கறதால தீவு சட்டம் மீறலையாம்! நான் சிரிச்சேன், ஆனா அந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர் ராத்திரி இஷா தொழுதுட்டு வெளிய வந்து அந்த போட் லைட்டைப் பாக்கும்போது சிரிப்பாரான்னு தெரியல.

இதுல யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கு. அந்தத் தட்டி யாருக்காகக் கட்டினாங்க? வெள்ளைக்காரங்க கம்மியா துணி போட்டுட்டு இருக்கறதை ஊர்க்காரங்க பாக்கக் கூடாதுன்னு. பர்தா போடற ஒரு பொண்ணு சிவாஜிநகர்ல இருந்து போறா, அவளுக்கு வேண்டியது அப்படியே தலைகீழ், தன்னை யாரும் பாக்காத ஒரு தண்ணி. ஆம்பளைங்க வராத ரெண்டு மணி நேரம், ஸ்நார்க்லிங் சொல்லிக் குடுக்க ஒரு பொம்பளை டீச்சர், போட் ஓட்டறவர் தள்ளி நிக்கற ஏற்பாடு, மொபைலை உள்ள வாங்கி வெக்கற ஒரு ஆளு, ஏன்னா இப்ப ட்ரோன்ல இருந்து ரீல்ஸ் வரைக்கும் எங்க கேமரா இருக்குன்னே தெரியாது. இது கிடைக்காததால எத்தனையோ அக்காங்க மாலத்தீவு போய் பளிங்கு மாதிரி இருக்கற கடலை பெஞ்ச்ல உக்காந்து பாத்துட்டு, குழந்தைங்க துண்டைப் பிடிச்சுட்டு நின்னுட்டு வந்துருக்காங்க. ஹலால் டூரிசம்னு ஒரு தீவு உண்மையா பண்ணணும்னா முதல் காசை இதுல போடணும்னு நான் சொல்லுவேன், ரூம்ல முசல்லா (தொழுகை விரிப்பு) மடிச்சு வெக்கறதுக்கு அப்புறமா வரலாம். இதுல இன்னொரு லாபம், அந்த வேலைக்குத் தீவுப் பொண்ணுங்களைத்தான் எடுக்க முடியும், வெளில இருந்து ஆள் கொண்டு வந்து சமாளிக்க முடியாது.

பொண்ணுங்கன்னதும் லட்சத்தீவுல ஒரு விசேஷம் சொல்லணும். அங்க முஸ்லிம்கள்ல தாய்வழி முறை, தறவாடுன்னு சொல்லுவாங்க, வீடு அம்மா வழில போகும், கல்யாணம் ஆன பிறகும் பொண்ணு தன் வீட்லதான், புருஷன் வந்து போவாரு, இப்ப கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டு வந்தாலும் வீடுன்னா அது பொம்பளைங்க ராஜ்ஜியம்தான். அதனால ஹோம்ஸ்டேங்கறது அங்க ரொம்ப பொருந்தற விஷயம், சமையலும் வீடும் யார் கைல இருக்கோ காசும் அவங்க கைக்குப் போகும். அதே நேரம் சிக்கலும் அங்கேயேதான், முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்க பொம்பளைங்க புழங்கற வீட்டுக்குள்ள வந்து தங்கறாங்க. தனி வாசல், தனி பாத்ரூம், முற்றத்துல ஒரு தடுப்பு, குடும்பமா வர்றவங்களுக்கு மட்டும் ரூம், தனியா வர்ற பசங்களுக்கு வேற இடம், இப்படி யோசிச்சு வெக்கணும். இதை ஆர்க்கிடெக்ட் வந்து சொல்ல முடியாது, அந்த வீட்டு உம்மாவைக் கேட்டாத்தான் தெரியும்.

பேர் வெக்கறதுலயும் அரசியல் உண்டு. இந்தோனேசியால லொம்போக் தீவு, ஆயிரம் பள்ளிவாசல் தீவுன்னு பேர் எடுத்தது, பக்கத்துலதான் பாலி. பாலிக்கு வர்ற கூட்டத்துல கொஞ்சத்தை இழுக்க லொம்போக் ஹலால் டூரிசம்னு வேறு பாதை எடுத்துச்சு, 2015-ல அபுதாபில உலகத்துலயே சிறந்த ஹலால் டூரிஸ்ட் இடம்னு விருது, ஹனிமூனுக்கும் ஒரு விருது, 2016-ல மாகாண அரசு இதுக்குன்னு தனி விதிமுறையே போட்டாங்க. ஆனா அதே லொம்போக்கை ஒட்டி கிலி திரவாங்கன்னு ஒரு குட்டித் தீவு, பார்ட்டிக்குப் பேர் போனது, அங்க பாரும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரம். ரெண்டையும் ஒரே விளம்பரத்துல எப்படிக் காட்டறது? 2019-ல சுமத்ராவுல தோபா ஏரிப் பக்கம் ஹலால் டூரிசம்னு பேச்சு எடுத்ததும் அங்க பெரும்பான்மையா இருக்கற கிறிஸ்தவ பத்தாக் மக்கள் எதிர்ப்புத் தெரிவிச்சாங்க, எங்க ஊரை எதுக்கு மாத்தறீங்கன்னு. நமக்கும் இது புதுசில்ல, 2022 யுகாதி சமயத்துல கர்நாடகால ஹலால் கறியை வெச்சு எவ்வளவு பெரிய சண்டை கிளப்பினாங்கன்னு பெங்களூர்ல இருந்தவங்க மறந்திருக்க மாட்டாங்க. அதனால நிறைய இடத்துல ஹலால்ங்கற வார்த்தையை விட்டுட்டு முஸ்லிம் ஃப்ரெண்ட்லி, ஃபேமிலி ஃப்ரெண்ட்லின்னு போடறாங்க. முழுக்க முஸ்லிம்கள் வாழற தீவுக்கு அந்தத் தயக்கம் தேவையில்ல, ஆனா வர்றவங்கள்ல பாதி பேர் முஸ்லிமா இல்லாமலும் இருக்கலாம், குடிகாரத் தொல்லை இல்லாத இடமா இருந்தா சரின்னு நினைக்கற பெங்களூர் அல்சூர் குடும்பத்துக்கும் அதே தீவு பிடிக்கும்.

சின்னத் தீவுன்னா சின்னதா யோசிச்சாலே போதும்கறதுக்கு இந்தோனேசியால ரியாவ் பக்கம் இருக்கற பென்யெங்கத் தீவு ஒரு நல்ல உதாரணம். சுமார் ரெண்டு கிலோமீட்டர் நீளம்தான், பக்கத்து ஊரான தஞ்சோங் பினாங்ல இருந்து சின்ன போட்ல கால் மணி நேரம், அங்க மஞ்சள் கலர்ல ஒரு பழைய பெரிய பள்ளிவாசல், சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு கலந்து கட்டினதாச் சொல்லுவாங்க, நம்ம செட்டிநாட்டு வீட்டுச் சுவர் மாதிரியே. காலைல போய் ஜியாரத் (அடக்கத் தலங்களைத் தரிசிக்கறது), தொழுகை, சாப்பாடு, சாயங்காலம் திரும்பி வந்துடலாம். ரிசார்ட்டு கட்ட வேண்டியதே இல்ல.

லட்சத்தீவுல நிலைமை வேற. 36 தீவு, அதுல மக்கள் வாழறது 10, மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர், 2011 கணக்குப்படி 64,000 பேருக்கு மேல, அதுல 96 சதவீதத்துக்கு மேல முஸ்லிம்கள். தலைநகர் கவரத்தி 4 சதுர கிலோமீட்டர் சொச்சம், அதாவது கப்பன் பார்க்கை மூணரை தடவை விரிச்சுப் போட்டா அவ்வளவுதான், அதுக்குள்ள 11,000 பேர், ஆஸ்பத்திரி, ஸ்கூல், ஆபீஸ், தென்னந்தோப்பு எல்லாம். வெளி ஆளுங்க போகணும்னா 1967 விதிமுறைப்படி பெர்மிட் வேணும், மக்கள் வாழற தீவுல மது கிடையாது, ஆள் குடியிருக்காத பங்காரம் தீவுல டூரிஸ்டுக்கு மட்டும் உண்டு, மாலத்தீவு ரிசார்ட் கணக்கு மாதிரிதான். 2021-ல மது விதியைத் தளர்த்தற பேச்சு, மாட்டுக்கறி சம்பந்தமான வரைவு, நிலத்தை அரசு எடுத்து டெவலப் பண்ற வரைவு எல்லாம் ஒண்ணா வந்தப்ப தீவுக்காரங்க ஏன் அவ்வளவு கொதிச்சாங்கன்னு இப்ப யோசிச்சா புரியும், டூரிசமே வேணாம்னு சொன்னவங்க அதுல கம்மிதான், எங்களைக் கேக்காம எங்க ஊருக்கு ரூல் போடாதீங்கங்கறதுதான் பெரிய கோபம். 2024 ஜனவரில பிரதமர் போய்ட்டு வந்து போட்டோ போட்டதும் நாடே லட்சத்தீவைத் தேட ஆரம்பிச்சுச்சு, இருக்கற ரூமோ கைவிட்டு எண்ணற அளவு.

அடுத்தது தண்ணி, ஹலால் டூரிசம் பத்தி எழுதறவங்க பாதி பேர் இதைத் தொடவே மாட்டாங்க. பவளத் தீவுல ஆறு கிடையாது, மலை கிடையாது. மழைத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்கி உப்புத் தண்ணி மேல ஒரு மெல்லிசு படலமா மிதக்கும், அதுதான் கிணத்துத் தண்ணி. நாலு ரிசார்ட்டு மோட்டார் போட்டு இழுத்தா கீழ இருந்து உப்பு மேல வந்துடும், செப்டிக் டேங்க்கு கசிஞ்சா அதே தண்ணில கலக்கும், பக்கத்து வீட்டுக் கிணறும் போச்சு. 2005-ல நம்ம சென்னைல இருக்கற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், பள்ளிக்கரணைல இருக்கே அதுதான், கவரத்தில கடல் ஆழத்துல இருக்கற குளிர்ந்த தண்ணியை வெச்சு மேல்மட்டக் கடல்தண்ணியை ஆவியாக்கி குளிர வெச்சு குடிதண்ணி எடுக்கற பிளான்ட் போட்டாங்க, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர், அப்புறம் அகத்தி, மினிக்காய்க்கும் வந்துச்சு. பெங்களூர்ல 2024 கோடைல டேங்கர் லாரிக்குக் காத்து நின்ன நமக்கு ஒரு லட்சம் லிட்டர்னா எவ்வளவுன்னு தெரியும், 11,000 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒன்பது லிட்டர் சொச்சம். அதுல இருந்து டூரிஸ்டுக்கு எவ்வளவு? பாத்டப், குட்டி நீச்சல் குளம் வெச்ச வில்லாவெல்லாம் இந்தக் கணக்குல எங்க உக்காரும்? ஓடற ஆத்துல ஒளு செஞ்சாலும் தண்ணியை வீணடிக்காதேன்னு சொல்ற மார்க்கம், அப்படி இருக்கறப்ப தண்ணிக் கணக்கு இல்லாத ரிசார்ட்டு கறியை மட்டும் ஹலால்னு முத்திரை குத்திட்டா சரியாயிடுமான்னு தீவு ஜமாஅத்துல யாராவது கேட்டா அந்தக் கேள்வி நியாயமானதுதான். குப்பையும் இதே கதைதான், கப்பல்ல வர்ற ஒவ்வொரு பாட்டிலும் ஒண்ணு கப்பல்லயே திரும்பப் போகணும் இல்ல கடல்ல போகணும்.

நோன்பு மாசம் தனியா ஒரு சவால். மாலத்தீவுல சீசன் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரை, லட்சத்தீவுல அக்டோபர்ல இருந்து மே நடு வரை, அப்புறம் மழைக்காலம், கடல் கொந்தளிக்கும். ரமலான் வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னாடி நகரும், 2024-ல மார்ச்ல ஆரம்பிச்சுது, 2026-க்கு பிப்ரவரி நடுவுல, அதாவது சரியா சீசன் உச்சத்துல. பகல்ல ஓட்டல் மூடிருக்கும், வேலை செய்யறவங்க நோன்போட இருப்பாங்க, டைவிங் கூட்டிட்டுப் போற பையனுக்கு மதியம் மூணு மணிக்கு நாக்கு வறண்டு கிடக்கும். இதை நஷ்டமா நினைச்சு டூரிஸ்டுக்கு மட்டும் திரை போட்டு சாப்பாடு போடற தீவு உண்டு. இன்னொரு வழி, ரமலானையே காரணமா வெச்சு முஸ்லிம் குடும்பங்களைக் கூப்பிடறது, சாயங்காலம் கடற்கரைல இஃப்தார், ராத்திரி தராவீஹ் தொழுகை, பகல்ல தூக்கம், கூட்டம் கம்மியா இருக்கும், வேலைக்காரங்களுக்கும் நிம்மதி. அதுல காசு கம்மிதான் வரும், ஆனா எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு.

நீங்க புக் பண்ணப் போறீங்கன்னா டிராவல்ஸ்காரர்கிட்ட ஹலாலான்னு மட்டும் கேக்காதீங்க, ஆமான்னு தலையாட்டிடுவாரு. கோழி எங்க இருந்து வருது, நண்டு ஆக்டோபஸ் போடாத சமையல் உண்டா, பொம்பளைங்க நீந்த தனி நேரம் இருக்கா, வீட்டுக்காரங்க அந்தத் தீவு ஆளா இல்ல லீசுக்கு எடுத்த வெளியாளான்னு கேளுங்க. மாலத்தீவுன்னா வெள்ளிக்கிழமை சாதா ஃபெரி பெரும்பாலும் ஓடாது, அன்னிக்கு ஃப்ளைட் போட்டா ஸ்பீட்போட்டுக்கு அழணும். லட்சத்தீவுன்னா பெர்மிட் கைல வராம டிக்கெட் போட்டுடாதீங்க, அதுக்கு போலீஸ் சர்டிஃபிகேட்டும் கேக்கலாம், ஸ்டேஷன்ல இருந்து அது வர்றதுக்கு எத்தனை நாள் ஆகும்னு முதல்லயே விசாரிச்சுக்கங்க. வரும்போது மாசிக் கருவாடு வாங்கிட்டு வாங்க, ஆனா பாக்கெட்டை நல்லா சீல் பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா ஏர்போர்ட்ல இருந்து வீடு வரைக்கும் கேப் டிரைவர் ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுத்தான் ஓட்டுவாரு.